வெறும் நம்பர்தானே என்றாய்

சாமி,

வியாழக்கிழமை நீ பெங்களூருக்குக் கிளம்புகிறாய். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை என்பதால் இப்போதே எழுதுகிறேன். நேரில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், மூன்று தடவையும் உன் போன் அடித்தது. நேரில் பேசினால் வேறு என்ன நடக்கும் என்பதும் எனக்குத் தெரியும். நீ "இதெல்லாம் உனக்குப் புரியாதும்மா" என்பாய், நான் அழுதுவிடுவேன், நீ கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாய். எழுத்தாக இருந்தால் நான் அழுவது உனக்குத் தெரியப்போவதில்லை. நீயும் பாதியில் எழுந்து போக முடியாது. போனாலும் காகிதம் அங்கேயே கிடக்கும்.

இதை இரண்டு பிரதி எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு, மற்றொன்று நம் பக்கத்துப் பத்திரிகைக்கு. உன்னைச் சந்தி சிரிக்க வைக்க அல்ல. உன் பேர், உன் கம்பெனி பேர், உன் அக்கா பேர், அவளைக் கட்டிக்கொடுத்த ஊர், எதுவும் இதில் இல்லை. அக்காளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோம்மா, பேர மட்டும் போட்டுறாத" என்றாள். உன்னிடம் இருக்கிற அந்த லிஸ்டில் உன் அக்காளைப் போல எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு அம்மா இருப்பாள் அல்லவா, அவள் படிக்கட்டும்.

உன்னைப் பற்றிப் பெருமை பேசாமல் நான் ஒரு நாளும் இருந்ததில்லை. அந்தப் பெருமைதான் வினையாகப் போனது, அதைப் பிறகு சொல்கிறேன். ஜாதகக் கட்டை மஞ்சள் பையில் சுமந்துகொண்டு தரகர் பின்னால் ஊர் ஊராக அலைந்த சனங்களுக்கு, நம் நாமக்கல் வீட்டு முன்னறையில் ஒரே ஒரு கம்ப்யூட்டரை வைத்து நீ கல்யாண சைட் ஆரம்பித்தாய். முதல் வருசம் ஐந்தாறு ஜோடி சேர்ந்தது. அப்புறம் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள் யாராக இருந்தாலும், அவள் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டு, "என்ற பையன்தானுங்க அந்தக் கண்ணால சைட்டு வச்சிருக்கறான்" என்று சொல்லாமல் நான் இறங்கினதில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் பெற்ற பிள்ளை என்று ஊர் சொல்லும்போது எனக்குத் தலை கொஞ்சம் நிமிரும்.

உன் அக்கா கதை பத்திரிகையில் படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். அவள் புருசன், உன் மாமா, போர்வெல் போடுகிற ரிக் லாரியோடு வடக்கே போனவர் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்து போனார். ஆறு வருசம் ஆகிறது. அக்காளுக்கு அப்போது இருபத்தெட்டு. அவள் மகள் பாப்பா இப்போது ஏழாவது படிக்கிறாள். அக்கா புகுந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். மாமியார், புருசனுக்கு அண்ணனான மச்சாண்டார், அவர் குடும்பம், அவர்களுடைய கோழிப்பண்ணை. நல்லவர்கள்தான், சோற்றுக்குக் குறை வைக்கவில்லை. இன்னொரு கல்யாணம் என்ற பேச்சை அவர்கள் எடுக்கவில்லை. நாமும் எடுக்கவில்லை. ஊரெல்லாம் வரன் பார்த்துக் கொடுக்கிற நீ எடுக்கவில்லை, பெற்ற நான் எடுக்கவில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்காததால் அவள் தனியாக, யாருக்கும் தெரியாமல், போனில் உன் சைட்டைப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில், நீ இரண்டாவது ஆபீஸ் திறந்த நாளை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்தாலும் அதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். காலையிலேயே சொந்தபந்தம், ஒரம்பரை எல்லாம் வந்து நிறைந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் என்று அக்காளின் மச்சாண்டாரும் அவர் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். விளக்கேற்றும் நேரத்தில் நான் அக்காளைக் கூப்பிட்டு, "அம்மிணி, கொஞ்சம் பின்னால நின்னுக்கோ சாமி" என்றேன். மாடிப்படி ஓரமாகப் போய் நின்றாள். நானும் புருசனை இழந்தவள்தான், இருந்தும் பையனைப் பெற்றவள் என்று முன்வரிசையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்துகொண்டேன். அவள் கூடப்பிறந்தவன் ஆபீஸ், அவளைப் பின்னால் போகச் சொன்னது பெற்ற நான். இதையும் எழுதி வைக்கிறேன். உன்னைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் என்னுடையதும் எழுத்தில் இருக்கட்டும்.

விளக்கேற்றி முடிந்ததும் நீ சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவியைப் போட்டாய். இதுவரைக்கும் யார் யார் நம் சைட்டைப் பார்த்தார்கள் என்று எல்லாம் இதில் தெரியும் என்று சொன்னாய். வரிசையாகப் போன் நம்பர்கள் ஓடின. பக்கத்தில் ஊர், எந்தப் பகுதியைப் பார்த்தார்கள், எத்தனை தடவை, எவ்வளவு நேரம். உன் பெரிய மாமன், "ஏன் மாப்ள, இப்புடிப் பொம்பளப் புள்ளைக நம்பரையெல்லாம் ஓட உடலாமா?" என்று கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, "பேரு இல்லைங்க மாமா. வெறும் நம்பர்தானே. யாருக்குத் தெரியப்போவுது?" என்றாய்.

எனக்குத் தெரியும் சாமி. போனில் பேர் போட்டு வைத்துக்கொள்ள நான் பழகவே இல்லை. எல்லோருடைய நம்பரும் மனப்பாடம். உன்னுடையது, உன் பெண்டாட்டியுடையது, கேஸ்காரன், பால்காரன், பாப்பா பள்ளிக்கூடம், அத்தனையும். அக்காளின் நம்பர் மேலேறி வந்ததும் எனக்கு முதலில் சந்தோசம்தான் வந்தது. தம்பி தொழிலை அக்கா எத்தனை ஆசையாகப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "அட, நம்ம அம்மிணி நம்பரு! பாருங்க, பதினோரு தடவை பாத்துருக்கறா!"

மச்சாண்டார் பெண்டாட்டிதான் அடுத்த கட்டத்தை வாசித்தாள். மெதுவாகத்தான் வாசித்தாள். "மறுமணம்."

நீ அப்போதே சமாளித்தாய், அதை மறுக்க மாட்டேன். சட்டென்று டிவியை அணைத்து, "வேற யாரு நம்பராச்சும் இருக்கும்மா, நீ தப்பாப் பாத்துருப்ப" என்றாய். நான் அங்கேயே வாயை மூடியிருந்தால் போயிருக்கும். ஆனால் பத்துப் பேர் முன்னால் என்னைப் பார்த்துத் தப்பாகப் பார்த்தாய் என்று சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "எனக்கா தெரியாது? ஆறு வருசமா தெனமும் இந்த நம்பருக்குத்தான் பேசறேன்" என்று கடைசி நாலு எண்ணையும் சத்தமாகச் சொன்னேன். யாரோ ஒருத்தி, யாரென்று எழுத மாட்டேன், "ஆபீஸு பாக்க வந்தாளா, மாப்ள பாக்க வந்தாளா?" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அப்புறம் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பி மாடிப்படியைப் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யார் கண்ணிலும் படக்கூடாது என்று நான் அவளை நிறுத்தின இடத்தில், எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தது.

மச்சாண்டார் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். கை கழுவிக்கொண்டு வந்து என்னிடம், "எங்கூட்டு மானம் உங்க டிவில ஓடுதுங்க அத்தை" என்றார். 'ங்க' போட்டு மரியாதையாகத்தான் சொன்னார். கத்தியிருந்தால் கூடத் தேவலை. மறுநாளே அக்காளின் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை. மாமியார் மட்டும் காலையில் காப்பி கொடுக்கும்போது, "குடிச்சுப்போட்டுப் போய் பதினோராவது மாப்ளயப் பாரு" என்பாளாம். பாப்பா ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, நீ என்னைய உட்டுப்போட்டுப் போயிருவியா?" என்று கேட்டிருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அக்கா யாரிடமும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உன்னிடம் நியாயம் கேட்டபோது நீ சொன்னது: "நீதானேம்மா கத்திச் சொன்ன? நானா சொன்னேன்?" சரி, நான்தான். சாகிற வரைக்கும் நான்தான். என் வாய் அப்படித்தான், உன் அப்பா இருந்தபோதே அப்படித்தான். நீ கைக்குழந்தையாக இருந்தபோது ஜலகண்டாபுரத்தில் ஒரு கல்யாணத்துக்கு அவர் சமையல். கூட நானும் காய் நறுக்கப் போயிருந்தேன். உன் அப்பா, எத்தனை பேர் வருவார்கள் என்று வீட்டுக்காரர் சொல்வதை நம்ப மாட்டார். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் எச்சில் இலையை எண்ணி, எதில் எது மிச்சம் கிடக்கிறது என்று பார்த்து, அதை வைத்துத்தான் அடுத்த உலை. அன்றைக்கு இலை எண்ணுகிற வேலையை என்னிடம் விட்டிருந்தார். கடைசிப் பந்தியில் ஒரு பெரியவர் ஓரமாகத் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாப்பிள்ளைக்குப் பெரியப்பா, எனக்கும் பழக்கம்; மாப்பிள்ளையின் அப்பாவான தன் தம்பியோடு பத்து வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கூப்பிடாமலே வந்து, யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார். நான் சும்மா இராமல், "பெரியப்பா, வாங்க! எப்ப வந்தீங்க?" என்று பந்தல் கேட்கக் கூப்பிட்டேன். மனிதர் பாதி இலையில் எழுந்துவிட்டார். வீடு திரும்புகிற வரை உன் அப்பா பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "எலையத்தானே எண்ணச் சொன்னேன், ஆளையா பாக்கச் சொன்னேன்?" என்றார். அதோடு சரி. நானும் அப்போது அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. உன் டிவி முன்னால் அதே தப்பைத் திரும்பச் செய்தேனே, கற்றுக்கொண்டிருந்தால் செய்வேனா?

ஆனால் சாமி, என் வாய் மட்டும்தானா? போன வாரம் உனக்குச் சொல்லாமல் நாமக்கல்லில் பஸ் ஏறி, கடைவீதி நெரிசலில் ஆட்டோக்களுக்கு நடுவே வழி கேட்டு, உன் சேலம் ஆபீசுக்குப் போனேன். நீ ஈரோடு போயிருந்தாய். அங்கே உன்னிடம் வேலை பார்க்கிற பெண் இருந்தாள். ரஷீதா என்று வைத்துக்கொள்வோம், அவள் பேரும் இது இல்லை. அவள் மேல் கோபப்படாதே. நான் கேட்டேன், அவள் சொன்னாள். டிபன் டப்பாவைத் திறந்து எனக்குப் பாதியை மூடியில் எடுத்து வைத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னாள்.

"நம்ம சைட்டத் தெறந்த உடனே, அவங்க போன்ல ஒரு அடையாளத்தை வச்சுட்டு வந்துரும்மா. அடுத்த தடவை வந்தா அதே ஆளுன்னு கண்டுபிடிச்சுக்கும். ஒரு ஜாதகம் பாக்கறதுக்காக நம்பர் போட்டாங்கன்னா, அதுக்கு முன்னாடி என்ன பாத்தாங்க, பின்னாடி என்ன பாத்தாங்க, எல்லாத்தையும் அந்த நம்பரோட சேத்துக் கட்டிரும்."

"அவங்களுக்குத் தெரியுமா இது?"

"ஓரத்துல பொடியா எழுதியிருக்கும்மா. யாரு படிக்கறா?"

"இதில்லாம சைட்டு நடத்த முடியாதா கண்ணு?"

"ஏன் முடியாது? மறுமணப் பக்கத்தை இன்னைக்கு எத்தனை தடவை தெறந்தாங்க, போன்லயா கம்ப்யூட்டர்லயா, எந்தப் பக்கம் வந்ததும் வெறுத்துப் போய் மூடிட்டாங்க, இது போதும்மா தொழிலுக்கு. போன்ல எதையும் வைக்க வேண்டாம். நம்பரை எதோடயும் சேக்க வேண்டாம். எண்ணிக்கை மட்டும் நிக்கும், ஆளு நிக்க மாட்டாங்க. அதுக்குன்னே தனியா சாப்ட்வேர் இருக்கு, மாத்தறதுக்கு ரெண்டு நாள் வேலை. சார்கிட்ட ஆரம்பத்துலயே சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "வெறும் எண்ணிக்கைய வச்சு நாக்கு வழிக்கறதான்னு கேட்டாரும்மா."

அப்புறம்தான் பெங்களூர் விசயத்தைச் சொன்னாள். உன் சைட்டை வாங்குகிற பெரிய கம்பெனிக்கு சைட் முக்கியமில்லையாம், அந்த லிஸ்ட்தான் முக்கியமாம். யார் எதை எத்தனை தடவை பார்த்தார்கள் என்கிற லிஸ்ட். அதை வைத்து என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "போன் பண்ணுவாங்கம்மா. மறுமணப் பக்கம் பாத்துட்டு இருந்தீங்களே, நல்ல வரன் வந்திருக்குன்னு சொல்லுவாங்க." "பாத்தவ எடுத்தாச் சரி" என்றேன். "போன் யாரு கையில இருக்கோ அவங்கதானேம்மா எடுப்பாங்க?" என்றாள். நான் சோற்று மூடியைக் கீழே வைத்துவிட்டேன். உன் அக்காளுக்கு நடந்தது என் வாயால் ஒரே ஒரு தடவை நடந்தது. வியாழக்கிழமைக்குப் பிறகு அந்த லிஸ்டில் இருக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு போன் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மச்சாண்டார் எடுப்பார், ஒரு மாமியார் எடுப்பாள். அங்கே கத்திச் சொல்ல நான் இருக்க மாட்டேன். நான் இல்லாமலே நடக்கும்.

நான் வாழ்ந்த வாழ்க்கையில் பெண்பிள்ளைகள் ஒன்றைக் கேட்பதற்கு ஆயிரம் யோசிக்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டால் அதற்குப் பேர் வந்துவிடும், பதில் வந்துவிடும், ஊர் வந்துவிடும். அதனால்தான் முதலில் பார்ப்போம். ஒரு சேலையைக் கூட, வாங்குகிற எண்ணம் இருக்கிறதா இல்லையா என்று நமக்கே தெரியாதபோது, கடை வாசலில் நின்று பார்ப்போமே, அந்த மாதிரி. கடைக்காரன் ஓடி வந்து கையைப் பிடித்து, "போன மாசமும் இதைத்தானே பாத்த" என்று நம் புருசன் முன்னால் சொன்னால் அப்புறம் அந்தத் தெருவில் நடப்போமா? அக்கா என்னிடம் ஆபீஸ் திறந்த அன்றைக்குச் சொன்னது இதுதான்: "நான் ஒண்ணும் கேக்கவே இல்லையேம்மா. வேணுமா வேண்டாமான்னு எனக்கே தெரியாது. சும்மா பாத்தேன்." வேணுமா என்று அவளுக்கே தெரிவதற்கு முன்னால் ஊருக்குத் தெரிந்துவிட்டது. இனி அவளுக்கு அது எப்போதுமே தெரியப்போவதில்லை என்று நினைக்கிறேன். அந்த யோசனையையே பிடுங்கி எறிந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து, "அக்கா நம்பரை எடுத்துட்டேம்மா, சுத்தமா எடுத்துட்டேன், போதுமா?" என்றாய். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. மற்ற பெண்கள் யாரும் அந்த நேரத்தில் என் நினைப்பில் வரவில்லை. என் பெண் தப்பித்தாள், போதும் என்றுதான் இருந்தது. பெற்றவள் புத்தி அவ்வளவுதான். மறுநாள் முதல் பஸ்ஸிலேயே அக்காளைப் பார்க்கப் போனேன். பண்ணையில் முட்டையைத் துடைத்து அட்டையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சாண்டார் என்னைப் பார்த்துவிட்டு, "வாங்கத்தை" என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அவள் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தேன்.

"தம்பி உன்ற நம்பர எடுத்துட்டானாம் அம்மிணி."

"ம்."

"சுத்தமா எடுத்துட்டானாம். இனி அதுல நீ இல்ல."

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. "செரி."

"போனக் குடுக்கச் சொல்லி நான் உன்ற மச்சாண்டார்கிட்டப் பேசட்டுமா?"

"வேண்டாம்மா. திருப்பிக் குடுத்தாலும் எனக்கு வேண்டாம். அதுல நான் என்னத்தப் பாக்கறது?"

முப்பத்துநாலு வயதில் என் பெண் சொல்கிறாள், பார்க்க ஒன்றுமில்லை என்று. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். ஒரு அட்டை நிறைந்ததும் அதைத் தூக்கி அடுக்கின் மேல் வைத்துவிட்டு, வெறும் அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்ப வந்து உட்கார்ந்தாள். ஒரு மாசத்தில் முதல் தடவையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"என்னைய எடுத்துப்போட்டான் செரி. இன்னும் எத்தனை பேரும்மா இருக்கறாங்க அதுல?"

எனக்குத் தெரியவில்லை சாமி. உனக்குத் தெரியும். நீ அந்த லிஸ்டை வியாழக்கிழமைக்கு முன்னால் அழிப்பாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னை வளர்த்தவள் நான், உனக்கு எது முக்கியம் என்று யார் சொல்லிக் கொடுத்தது என்றும் எனக்குத் தெரியும். ஆனால் உன் அக்கா கேட்டிருக்கிறாள். நீ போய் அவளிடம் பதில் சொல். ஒருத்தியும் இல்லை என்று சொல்ல முடிந்தால் அப்படிச் சொல். முடியாதென்றால் எத்தனை பேர் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வண்டி ஏறு. நான் புதன்கிழமை வரைக்கும் அவள் பக்கத்தில்தான் முட்டை துடைத்துக்கொண்டு இருப்பேன்.

உன்னையும் அவளையும் பெற்றவள்